கோடை பிறந்தாச்சு: மேட்டூரில் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மேட்டூர் அணையிலும் அதையொட்டிய காவிரி ஆற்றிலும் கோடைத் தொடக்கத்து மீன்பிடி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பதில் சொல்பவர் பண்ணவாடிப் பக்கம் பரிசல் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். மேட்டூரில் வலை, தூண்டில் கடை வைத்திருக்கிறார்.

ஐயா, மார்கழி, தை மாதங்களில் பண்ணவாடிக் கரையில் உட்கார்ந்தபடியே கெண்டையும் ஜிலேபி மீனும் நிறைய எடுத்தேன். பங்குனி பிறந்ததும் அதே இடத்தில் ஒரு கடிகூட இல்லை. இரையை மாற்றிப் பார்க்கட்டுமா?
— வாசகர், மேச்சேரி

இரை அதே இருக்கட்டும். நீங்கள் உட்காரும் இடத்தில் மீனுக்கு இப்போது வேலை இல்லை, அதுதான் விஷயம்.

டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மேட்டூரின் வழக்கம். அப்புறம் கோடை முழுக்கக் குடிநீருக்கு மட்டும் கொஞ்சமாக விடுவார்கள். கர்நாடகத்திலிருந்து வரும் வரத்தும் அந்த மாதங்களில் ஒடுங்கிவிடும். போதாததற்கு வெயில் வேறு உறிஞ்சும். மாசி தொட்டே அணை இறங்குமுகம்தான். தை மாதம் முழங்கால் தண்ணீரில் நின்ற புல், இப்போது மேட்டில் காய்ந்து கிடக்கும். அந்தப் புல்லுக்கும் அதில் ஒட்டியிருந்த பூச்சிக்கும்தான் மீன் கரையோரம் வந்தது. புல் வெளியே போனதும் அதுவும் பின்வாங்கிவிட்டது.

எங்கே போயிருக்கும்? 1934-ல் அணை கட்டி முடிவதற்கு முன்னால் இங்கே ஊர் இருந்தது, வயல் இருந்தது, வாய்க்கால் இருந்தது. காவிரி அதன் பழைய வழியில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குறையக் குறைய மீன் அந்தப் பழைய ஆற்றுப்போக்கைப் பார்த்துத்தான் இறங்கும். ஒரேயடியாக இறங்காது. பழைய வாய்க்கால் பள்ளம், இடிந்த சுவர், மரத்தூர், பாறைச் சந்து என்று கொஞ்சம் ஆழமும் நிழலும் கிடைக்கிற இடத்தில் தங்கித் தங்கிப் போகும். பண்ணவாடியில் தண்ணீர் நன்றாக இறங்கினால் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். படம் எடுக்கக் கூட்டம் வரும். மீன் பிடிக்கிறவர் அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது, அந்தக் கட்டடங்களின் அடித்தளமும் சுற்றுச்சுவரும் தண்ணீருக்குள் எந்தப் பக்கமாக நீண்டு போகின்றன என்பதை. அடுத்த வருடம் அவை மூழ்கிய பிறகும் மீன் தங்குகிற இடம் உங்கள் மனத்தில் இருக்கும்.

இன்னொரு கணக்கு. அணை 120 அடி நிறைந்திருக்கும்போது கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி); தண்ணீர்ப் பரப்பு ஏறத்தாழ 59 சதுர மைல். அவ்வளவு பெரிய பரப்பில் ஒரு டி.எம்.சி. வெளியே போனால் மட்டம் அரை அடிக்குக் கொஞ்சம் மேலே இறங்கும், அவ்வளவுதான். வினாடிக்கு 1,000 கன அடி வீதம் விட்டால் ஒரு டி.எம்.சி. போக பதினொன்றரை நாள் ஆகிவிடும். ஆனால் அணை சுருங்கச் சுருங்கப் பரப்பும் சுருங்கும்; அதே ஒரு டி.எம்.சி.க்கு மட்டம் சரசரவென்று இறங்கும். பத்திரிகையில் தினம் வருகிற நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். என் கடைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். தூண்டில் முள்ளும் நரம்பும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு கோடைகளை ஒப்பிட்டாலே புரியும். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூன் 12-ல் திறக்கவே முடியவில்லை. அந்தக் கோடையில் மீன் ஒடுங்கிய பள்ளங்களில் நெருக்கியடித்துக் கிடந்தது. இடம் தெரிந்தவருக்குக் கை நிறையக் கிடைத்தது, தெரியாதவர் சேற்றில் நடந்து திரும்பினார். அதே வருடம் ஜூலை 30-ல் அணை 120 அடியைத் தொட்டது. 2025 கோடையில் மட்டம் நூறு அடிக்கு மேலேயே நின்றது; ஜூன் 12-ல் குறித்த தேதியில் திறந்தார்கள். அந்த வருடம் மீன் பரந்து திரிந்தது. கரையோரப் பாறைகளில் உட்கார்ந்தே பிடிக்க முடிந்தது, ஆனால் ஒரே இடத்தில் கூட்டமாகக் கிடைக்கவில்லை. மாதம் ஒன்று, வெயில் ஒன்று, தண்ணீர் மட்டும் வேறு.

பத்திரிகை பார்க்க வசதியில்லை என்றால் ஒரு குச்சி போதும். சாயங்காலம் தண்ணீர் விளிம்பில் குத்திவைத்துவிட்டு மறுநாள் காலையில் வந்து பாருங்கள். குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள ஈரப்பட்டையைக் குனிந்து கவனியுங்கள். நேற்று மாலை வரை தண்ணீர் நின்ற இடத்தில் பாசி பச்சையாகவே படிந்திருக்கும். முந்தாநாள் விளிம்பில் அது ஓரம் வெளுத்துச் சுருண்டிருக்கும். அதற்கும் மேலே நத்தைகள் வாயை மூடிக்கொண்டு மண்ணில் பதிந்து கிடக்கும். இந்தப் பட்டைகள் அகலமாக இருந்தால் தண்ணீர் வேகமாக இறங்குகிறது. கரையை விட்டு ஆழத்துக்குப் போங்கள். ஒன்றின் மேல் ஒன்று நெருங்கியிருந்தால் மட்டம் நிலைத்து நிற்கிறது. மீன் மறுபடி கரைக்கு மேய வரும், இரண்டு மூன்று நாள் பொறுத்து அதே இடத்தில் போடலாம். சமதளமான கரையா, சரிவான கரையா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சமதளத்தில் அரை அடி இறங்கினாலே விளிம்பு எங்கேயோ போய்விடும்.

கோடையில் எந்த நேரம் நல்லது? விடியற்காலை நான்கு மணிக்கே போய் உட்காரச் சொல்கிறார்கள்.
— வாசகர், சேலம்

நான்கு மணிக்குப் போனால் குளிர்ச்சியாக இருக்கும், உங்களுக்கு. மீனுக்கு அது மூச்சு முட்டுகிற நேரம். அதற்கான காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன். சூரியன் ஏறி ஒரு பனைமரம் உயரம் வந்ததும் தொடங்கி ஒன்பது, ஒன்பதரை வரை. மாலையில் ஐந்திலிருந்து இருட்டும் வரை. இவைதான் பங்குனி, சித்திரைக்கு என் நேரங்கள். நடுப்பகலில் கெண்டை வகை ஆழத்தில் ஒதுங்கிக் கிடக்கும். வாளை, கெளுத்தி வேண்டுமென்றால் இருட்டிய பிறகு.

நேரத்தோடு காற்றையும் பாருங்கள். பிற்பகலில் காற்று ஒரே பக்கமாக அடித்து நுரையையும் சருகையும் எந்தக் கரையில் ஒதுக்குகிறதோ, அந்தக் கரையில்தான் மாலையில் மீன் இருக்கும். மிதக்கும் தீனி அங்கேதான் போய்ச் சேர்கிறது. அலை அடிப்பதால் தண்ணீரில் காற்றும் கலக்கிறது. முகத்தில் காற்று அடிக்கிறதே என்று பலர் எதிர்க்கரையில் போய் உட்காருகிறார்கள். முகத்தில் அடிக்கிற கரைதான் சரியான கரை.

எங்கள் ஊர்ப் பக்கம் அணைத் தண்ணீர் பச்சையாகி நாற்றம் அடிக்கிறது. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. கையாலேயே அள்ளலாம் போல இருக்கிறது. அள்ளலாமா? சாப்பிடலாமா?
— வாசகர், கொளத்தூர்

இந்தக் கேள்வி வந்ததற்கு நன்றி. ஒவ்வொரு கோடையிலும் இதைப் பார்க்கிறோம்.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைகிற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரம் சூட்டில் மீனின் உடம்புக்கு ஆக்சிஜன் அதிகமாகத் தேவைப்படும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. இதில் பச்சைப் பாசி வேறு. பகலில் வெயில் இருக்கும்போது பாசி ஆக்சிஜனை விடும். இரவு முழுக்க அதுவும் மூச்சு விட்டு ஆக்சிஜனை இழுக்கும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கட்லா, ரோகு போன்றவை தவிக்கத் தொடங்கும். நீங்கள் பார்த்தது அதைத்தான். வெயில் ஏறியதும் அவை மறுபடி உள்ளே போய்விடும், பெரும்பாலும். மேகமூட்டமாக இருந்து காற்றும் நின்றுபோன நாளில் போகாது. அன்றைக்குத்தான் மொத்தமாகச் செத்து ஒதுங்கும்.

பாசி ஏன் இவ்வளவு? அணை இறங்கியதும் வெளியே வந்த நிலத்தில் சோளம், கம்பு, கடலை என்று விதைக்கிறோம். உரம் போடுகிறோம். மேலே இருக்கிற ஊர்களின் கழிவும் ஆற்றோடு வருகிறது. தண்ணீர் மறுபடி ஏறும்போது அவ்வளவு சத்தும் உள்ளே கரைகிறது. விதைக்கிறவர்கள் நம் ஆட்கள், அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. தண்ணீர் விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி விதைக்கலாம், தொழு உரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறேன், இனியும் சொல்வேன்.

அள்ளலாமா என்று கேட்டீர்கள். மூச்சுக்குத் தவித்து மேலே வந்த மீனை அள்ளுவது எனக்கு ஒப்பாது. அந்த இடத்தில் வலையும் விடாதீர்கள். வலையில் மாட்டியது சீக்கிரம் செத்து அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்னும். செத்து மிதக்கிற மீனை யாரும் சாப்பிட வேண்டாம், கருவாடும் போட வேண்டாம். எப்போது செத்தது, எதனால் செத்தது என்று கரையில் நின்று சொல்ல முடியாது. நிறைய மிதந்தால் உடனே மீன்வளத் துறைக்குத் தகவல் கொடுங்கள். அந்தப் பச்சைத் தண்ணீரில் மாட்டையும் இறக்காதீர்கள்.

ஒகேனக்கல் பக்கம் ஆற்றில் இப்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மீன் கண்ணுக்குத் தெரிகிறது, தூண்டிலை மட்டும் தொடமாட்டேன் என்கிறது.
— வாசகர், பென்னாகரம்

மீன் உங்களுக்குத் தெரிந்தால் நீங்களும் மீனுக்குத் தெரிவீர்கள். கோடையில் ஆறு தெளிந்திருக்கும்போது இதுதான் பெரிய சிக்கல். நரம்பை மெல்லியதாக்குங்கள். ஈயக்குண்டைக் குறைத்து, முடிந்தால் எடுத்தே விடுங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்காதீர்கள், உங்கள் நிழல் மடுவின் மேல் விழும். குந்தி உட்கார்ந்து, பாறை மறைவிலிருந்து, ஓட்டத்தின் மேல்பக்கத்தில் இரையை விட்டு அது தானாக மடுவுக்குள் போகும்படி விடுங்கள். ஓட்டம் வந்து மடுவில் விழுகிற வாய்தான் கோடையில் ஆற்று மீனுக்குப் பிடித்த இடம். தண்ணீர் புரண்டு விழுவதால் அங்கே காற்று அதிகம். தீனியும் அந்த வழியாகத்தான் வரும்.

ஆனால் எங்கே நின்று பிடிக்கிறீர்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஒகேனக்கலைச் சுற்றியுள்ள காடுகள் பல காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்களில் சேர்ந்தவை. தெற்குச் சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. சரணாலய எல்லைக்குள் மீன் பிடிப்பது குற்றம். எந்தத் துறை வரை அனுமதி என்று வனத் துறையினரிடமே கேட்டுவிட்டு இறங்குங்கள்.

காவிரிக்கே உரிய திமில் மஷீர் மீன் உங்கள் தூண்டிலில் மாட்டினால், அதைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றி விடுங்கள். முதுகு நிமிர்ந்து திமில் போலிருக்கும், செதில் உள்ளங்கை அகலம். உலகில் வேறெந்த ஆற்றுப் படுகையிலும் இந்த மீன் இயற்கையாகக் கிடையாது. 2018-ல்தான் இதற்கு உரிய அறிவியல் பெயரை உறுதி செய்தார்கள். அதே வருடம் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கபினியில் 1946-ல் 120 பவுண்டு எடையில் ஒரு மஷீர் பிடிபட்டது. அந்த அளவு மீன் வளர்ந்த ஆறு இது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு மீன் மிச்சமிருக்க வேண்டும்.

அப்புறம் முதலை. பங்குனி, சித்திரையில் முதலைகள் மணல் கரையில் முட்டையிட்டுப் பக்கத்திலேயே காவல் இருக்கும். மணலில் வயிறு தேய்ந்த தடம், இருபுறமும் கால் பதிந்த அடையாளம் தெரிந்தால் அந்தத் திட்டில் உட்காராதீர்கள். கணுக்கால் தண்ணீர்தானே என்று நின்றுகொண்டு மீன் கழுவவும் வேண்டாம்.

அண்ணா, நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி கதவணைப் பக்கம் கோடையிலும் தண்ணீர் நிற்கிறதே, அங்கே பிடிக்கலாமா?
— வாசகர், பவானி

தாராளமாக. மேட்டூருக்குக் கீழே செக்கானூரில் தொடங்கி வரிசையாகக் கதவணைகள் மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் தேக்கிவைக்கின்றன. அணை இறங்கினாலும் அங்கே மட்டம் அவ்வளவாக மாறாது. பூலாம்பட்டிப் படகுத்துறைக்கு மேலும் கீழும் நாணல் ஓரங்களில் ஜிலேபி நன்றாக இருக்கும். கோடையில் ஆழமில்லாத இடத்தில் தட்டு கவிழ்த்த மாதிரி வட்டக் குழிகள் தெரியும். ஆண் ஜிலேபி தோண்டிய கூடு அது. பெண் மீன் முட்டையை வாயிலேயே அடைகாக்கும். ஜிலேபி வெளிநாட்டு மீன். 1952-ல் இந்தியாவுக்கு வந்தது, இப்போது எல்லாத் தண்ணீரிலும் தானே பெருகுகிறது. அதைப் பிடிப்பதில் தயக்கமே வேண்டாம். எவ்வளவு எடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு நம் நாட்டுக் கெண்டைக்கு இடம் கிடைக்கும்.

கதவணைக்கு நேர் கீழே, பாறைகளின் நடுவே இறங்கி நிற்காதீர்கள். மேலே கதவைத் தூக்கினால் தண்ணீர் வருகிற சத்தம் உங்களுக்குக் கேட்கும்போது காலடியில் வந்திருக்கும். சங்கு ஊதினால் தூண்டிலைப் போட்டுவிட்டு ஏறுங்கள். ராடு போனால் வாங்கலாம்.

கட்லா, ரோகுவுக்கு மாவு இரை பிசைவது எப்படி? வெயிலில் என் உருண்டை கரைந்துபோய்விடுகிறது.
— வாசகர், தர்மபுரி

தண்ணீர் சூடாக இருந்தால் மாவு சீக்கிரம் இளகும். அதனால் கோடைக்குத் தனிக் கை வேண்டும்.

கடலைப் புண்ணாக்கை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறியதும் இடித்துச் சலியுங்கள். அதில் பாதி அளவு தவிடு, பாதி அளவு மைதா. தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள். முதலில் புட்டுமாவு பதத்தில் பிசிறி ஒரு ஈரத்துணியில் மூடிக் கொஞ்ச நேரம் வைத்துவிட வேண்டும். புண்ணாக்கு ஊறுவதற்கு நேரம் எடுக்கும், அவசரப்பட்டுத் தண்ணீர் கூட்டினால்தான் பிறகு கரைகிறது. அப்புறம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி அழுத்திப் பிசையுங்கள். கையில் ஒட்டாமல் விரலால் அமுக்கினால் பள்ளம் அப்படியே நிற்க வேண்டும், ஓரம் வெடிக்கக் கூடாது. வெடித்தால் மைதா போதவில்லை. ஒரு உருண்டையை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்துக்கு மேற்பரப்பு மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்து, உள்ளே கெட்டியாக நின்றால் சரி. உதிர்கிற பொடிதான் மீனை அழைக்கிறது, கெட்டியான உள்மாவுதான் முள்ளைப் பிடித்து வைக்கிறது.

கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். தக்கையை அதற்கேற்ப ஏற்றி இறக்குங்கள். தக்கை லேசாக ஆடியதும் வெட்டி இழுக்காதீர்கள். கட்லா பெரிய வாயால் உறிஞ்சித் துப்பிப் பார்க்கிற மீன். தக்கை சாய்ந்து நகரத் தொடங்கட்டும்.

ஆரால், கெளுத்திக்கு மண்புழு. வாளைக்குக் கோழிக்குடல். இதற்கெல்லாம் செய்முறை வேண்டியதில்லை.

குளக்கரை ஓரம் சிவப்பாகக் குஞ்சுகள் பந்து மாதிரி மிதக்கின்றன. அடியில் பெரிய விரால் இருக்கிறது என்று நண்பர்கள் ரப்பர் தவளையை அதன்மேல் வீசுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கடிக்கிறது. இது சரியா?
— வாசகர், ஓமலூர்

சரியில்லை. அது பசிக்குக் கடிக்கவில்லை, பிள்ளைகளைக் காக்கக் கடிக்கிறது. தாயும் தகப்பனும் சேர்ந்தே காவல் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் சிவப்புப் பந்தை ஜிலேபியும் தண்ணீர்ப் பாம்பும் சாயங்காலத்துக்குள் முடித்துவிடும். விரால் அதிகமாகக் குஞ்சு பொரிப்பது மழைக்காலத்தில்தான். தண்ணீர் வற்றாத இடங்களில் கோடையிலும் இப்படிப் பார்க்கலாம்.

விரால் காற்றைக் குடிக்கிற மீன், சில நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்தே ஆக வேண்டும். குஞ்சு இல்லாத இடத்தில், அல்லி இலைகளின் நடுவே ‘ப்ளக்’ என்று ஒரு சத்தமும் சின்ன வளையமும் எழுந்தால், அங்கே தவளையை வீசச் சொல்லுங்கள். அதற்கும் கைத்திறன் வேண்டும், மீனும் நல்ல மீனாக வரும்.

முதல் கோடை மழைக்குப் பிறகு மீன் நன்றாகப் பிடிபடும் என்பது உண்மையா?
— வாசகர், மேட்டூர்

உண்மை, ஆனால் மறுநாள். மழை பெய்த அன்றைக்கு, இங்கே காவிரியில் கலக்கிற, வறண்டு கிடந்த பாலாறு, தொப்பையாறு வழியாகச் சருகும் சாணியும் சாம்பலும் அடித்துக்கொண்டு வரும். அந்த முதல் தண்ணீர் அழுக்குத் தண்ணீர். சில நேரம் மீனே சாகும். ஒரு நாள் விட்டு, கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கிற கோட்டில் போடுங்கள். அடிபாலாறு பக்கம் நின்றால் அந்தக் கோடு காவி நிறத்தில் தெளிவாகத் தெரியும். கெளுத்தியும் ஆராலும் கலங்கலுக்குள்ளே, கெண்டை தெளிவுப் பக்கம்.

இடி கேட்டால் பரிசலைக் கரை சேருங்கள். பரந்த தண்ணீரில் உயரமான பொருள் நீங்கள்தான். கையில் கார்பன் ராடு இருந்தால் அது மின்சாரம் கடத்தும். மழை ஓயட்டும் என்று மரத்தடியிலும் நிற்காதீர்கள்.

என் வலையில் தடித்த தோலும் முள்ளுமாக ஒரு மீன் அடிக்கடி மாட்டுகிறது. வாய் அடிப்பக்கம் இருக்கிறது. என்ன செய்வது?
— வாசகர், நாகமறை

சக்கர் மீன். கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்தவர்கள் ஆற்றில் விட்டதன் விளைவு. வலையைக் கிழிக்கும், கரையைக் குடையும், மற்ற மீனின் முட்டையைத் தின்னும். திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். கரையில் குழி வெட்டிப் புதையுங்கள். மத்திய அரசு 2000-லேயே தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படித்தான்: பிடிபட்டால் திரும்ப விட வேண்டாம், மீன்வளத் துறைக்கும் சொல்லுங்கள்.

ஐயா, நான் புதிதாகப் பரிசல் வாங்கி மீன் பிடிக்கிறேன், வயது 23. தண்ணீர் குறைவாக இருக்கும்போது சிறு கண் வலை விட்டால் ஒரே நாளில் நிறைய வருகிறது. பெரியவர்கள் திட்டுகிறார்கள். குடும்பம் இருக்கிறது, நான் என்ன செய்ய?
— வாசகர், கோட்டையூர்

தம்பி, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பெரியவர்கள் திட்டுவதைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம், உன் வருமானத்தைப் பார்ப்போம்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் அரசு குஞ்சு விட்டு அணையில் வளர்க்கிற மீன்கள். இப்போது உன் சிறு கண் வலையில் வருவது விரலளவு, கையளவு குஞ்சுகள். கிலோவுக்கு எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பார். அந்தக் குஞ்சுகளையே அடுத்த பங்குனிவரை விட்டிருந்தால் ஒவ்வொன்றும் தனியாகவே ஒரு கிலோ நிற்கும். கட்லா இன்னும் வேகமாக வளரும். விலையும் இரண்டுக்கும் ஒன்றல்ல. பொடி மீனைக் கூறு கட்டித்தான் விற்க முடியும். குறைந்த தண்ணீரில் மீன் நெருங்கிக் கிடக்கிறது. அதனால்தான் நிறைய வருகிறது. அதனால்தான் ஒரே கோடையில் மொத்தமும் தீர்ந்தும் போகிறது. மீதமுள்ள காலத்துக்கு உன் பரிசல் சும்மா கிடக்கும்.

இன்னொன்று. இந்த மாதங்களில் நாட்டுக் கெண்டைகளுக்கு வயிற்றில் சினை ஊறிக்கொண்டிருக்கிறது. புது வெள்ளம் வந்ததும் அவை ஆற்றில் ஏறி முட்டையிட வேண்டியவை. வயிறு உப்பி, லேசாக அழுத்தினாலே கெட்டியாகத் தெரிகிற கெண்டை கிடைத்தால், அதிலும் உயிரோடு கிடைத்தால், விட்டுவிடு. உனக்கு நஷ்டம் ஒரு மீன்தான்.

பெரிய கண் வலைக்கு மாற முதல் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பழைய வலையைக் கொண்டு வா, எடைக்கு எடுத்துக்கொண்டு புது வலைக்குத் தவணை போட்டுத் தருகிறேன். இதை உனக்கு மட்டும் சொல்லவில்லை, உரிமம் வைத்திருக்கிற யார் வந்தாலும் தருவேன். உரிமம் இல்லாமல் இருந்தால் முதலில் மீன்வளத் துறை அலுவலகம் போய் அதை எடு. கூட்டுறவு சங்கத்தில் சேர்ந்தால் பிடித்த மீனை விற்கவும் வழி இருக்கும். வெடி, மருந்து போடுகிறவர்களோடு மட்டும் சேராதே. 1897-ல் வந்த மீன்வளச் சட்டத்திலேயே அது குற்றம். அவர்கள் பரிசலில் நீ ஏறியிருந்தால் வழக்கு உன் மேலும் வரும், கை போனால் உன் கையும் போகும்.

மேட்டூரில் மீன் வாங்கிச் சேலம் கொண்டுபோவதற்குள் கெட்டுவிடுகிறது. வழி என்ன?
— வாசகி, சேலம்

அம்மா, வாங்கும்போதே செவுளைத் தூக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பாக, வழவழப்பு தெளிவாக இருக்க வேண்டும். கண் குழிந்திருந்தால் வேண்டாம். துறையிலேயே குடலை எடுக்கச் சொல்லிவிடுங்கள், கோடையில் முதலில் கெடுவது வயிறுதான். மீன் எவ்வளவு எடையோ அவ்வளவு ஐஸ், நொறுக்கி, அடியில் ஒரு அடுக்கு, மீன், மேலே ஒரு அடுக்கு. உருகிய தண்ணீர் வடிய டப்பாவில் ஓட்டை இருக்கட்டும், மீன் அதில் ஊறக் கூடாது. பஸ்ஸில் வெயில் படாத பக்கமாக உட்காருங்கள். காலை ஏழு மணிக்குள் வாங்கினால் பத்து மணிக்குள் குழம்பு கொதிக்கும்.